ஐ.பி.எல். வீரர் ஏலமும் ஒப்பந்த நியாயமும்

இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்.) கிரிக்கெட் போட்டிக்கு அணிகள் வீரர்களை எடுக்கும் முறை வீரர் ஏலம் எனப்படுகிறது. இது 2008 முதல் நடைமுறையில் உள்ளது. வீரரின் ஊதியம் அனைவரும் அறிய முடிவாவது இம்முறையின் நிறை. எந்த அணிக்கு ஆடுவது என்று வீரரே தீர்மானிக்க இயலாதது இதன் குறை.

பின்னணி

2007இல் ஜீ குழுமம் இந்தியன் கிரிக்கெட் லீக் (ஐ.சி.எல்.) என்ற போட்டியைத் தொடங்கியது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் அதை ஏற்கவில்லை. அதில் சேர்ந்தவர்களுக்கு வாரியத்தின் போட்டிகளில் இடம் மறுக்கப்பட்டது. தமிழக வீரர் ஹேமங் பதானி உட்படப் பலர் இத்தடைக்கு உள்ளாயினர். ஐ.சி.எல்.லிலிருந்து விலகியவர்களுக்கு 2009இல் வாரியம் பொதுமன்னிப்பு வழங்கியது. ஐ.சி.எல். மறைந்தபின், இந்திய வீரருக்குப் பெரிய ஊதியம் தரும் உள்நாட்டுப் போட்டியாக ஐ.பி.எல். ஒன்றே எஞ்சியது.

முதல் ஏலம்

முதல் ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடைபெற்றது. எட்டு அணிகள் பங்கேற்றன. ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு 50 லட்சம் டாலர். பணக்கார அணி எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்க இந்த வரம்பு வைக்கப்பட்டது. மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்குச் சென்னை அணி எடுத்தது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அதுவே.

இந்திய அணிக்கு ஆடாத உள்நாட்டு வீரர்களுக்கு இந்த ஏலத்தில் இடமில்லை. அணிகள் அவர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்தன. பிற்காலத்தில் அவர்களின் ஊதியம், ஆடிய ஆண்டுகளைப் பொறுத்து 10, 20, 30 லட்சம் ரூபாய் என வரையறுக்கப்பட்டது. திறமை கூடினாலும் ஊதியம் இந்தப் படிகளைத் தாண்டாது. 2010இல் ரவீந்திர ஜடேஜா ஓராண்டு ஐ.பி.எல். ஆடத் தடை செய்யப்பட்டார். ராஜஸ்தான் அணியுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியுடன் நேரடியாகப் பேசினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு.

2014 மாற்றம்

2014இல் உள்நாட்டு வீரர்களும் ஏலத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வாண்டே கரண் சர்மாவை ஐதராபாத் அணி 3.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017இல் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. பழைய முறை நீடித்திருந்தால் அவர் ஊதியம் சில லட்சங்களில் நின்றிருக்கும். முந்தைய ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) அவர் திண்டுக்கல் அணிக்காக ஆடியிருந்தார்.

தொடரும் சிக்கல்

ஏலத்தில் ஒருமுறை குறைந்த விலைக்குப் போனவரை, அடுத்த பெரிய ஏலம் வரை அந்த அணி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். தாமாக விலகி மீண்டும் ஏலத்துக்கு வரும் உரிமை வீரருக்கு இல்லை. சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சனை 2022இல் குஜராத் அணி 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 பிப்ரவரியில் டி.என்.பி.எல். தன் முதல் ஏலத்தை நடத்தியபோது கோவை அணி அவருக்கு 21.60 லட்சம் கொடுத்தது. மாநில அளவிலான போட்டியில் கிடைத்த விலை, ஐ.பி.எல். விலையைவிடக் கூடுதல்! அவ்வாண்டு ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தார். 2025 பருவத்துக்காக குஜராத் அணி அவரை 8.50 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. திறமை வெளிப்பட்டதற்கும் உரிய விலை கிடைத்ததற்கும் இடையே இத்தனை காலம் ஆனது.

2025 முதல் ஏல விலைக்கு மேல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 7.50 லட்சம் ரூபாய் ஆட்ட ஊதியம் வழங்கப்படுகிறது. குறைந்த விலைக்குப் போனவர்களுக்கே இதனால் பயன் அதிகம். ஆனால் களத்தில் இறங்கினால்தான் இது கிடைக்கும்.

சட்டமும் சங்கமும்

ஐரோப்பியக் கால்பந்தில், ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய சங்கத்துக்குச் செல்லலாம் என்று 1995இல் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கானுக்கும் விளம்பர நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை செல்லாது என 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

வீரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று லோதா குழு பரிந்துரைத்தது. 2019இல் அமைந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தில் ஓய்வு பெற்றோருக்கே இடமுண்டு. ஏல விதிகள் வகுக்கப்படும்போது தற்போது ஆடும் வீரர்கள் சார்பில் பேச ஓர் அமைப்பு இல்லை. கோடிகளில் விலைபோகும் ஒருசிலருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. அடிப்படை விலையில் எடுக்கப்பட்டு, ஆட வாய்ப்பின்றி வெளியே அமர்ந்திருக்கும் இளைஞருக்கே அதன் இழப்பு.