எம்பயர் ஸ்டேட்டை எழுப்பிய கைகள்

உயரத்தில் தொங்கும் இரும்பு உத்தரமொன்றில் 11 தொழிலாளர் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்ணும் புகைப்படத்தை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அதன்கீழ் 'எம்பயர் ஸ்டேட் கட்டடம்' என்று எழுதிவிடுவோர் பலர். அது தவறு. 1932 செப்டெம்பரில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் மையத்தில் எடுக்கப்பட்ட படம் அது. எம்பயர் ஸ்டேட் அதற்கு முந்தைய ஆண்டே திறக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டுமானத் தலத்தைப் படம்பிடித்தவர் லூயிஸ் ஹைன். அவரது படங்களில் என்னைக் கவர்வது உயரத்தைவிட அங்கிருந்த ஒழுங்குதான்.

1930 மார்ச் 17இல் கட்டுமானம் ஆரம்பமாகியது. 1931 மே 1இல் 102 மாடிகளும் திறந்துவைக்கப்பட்டன. இந்த வேகம் எங்கிருந்து வந்தது? ஆட்களை விரட்டியதால் அன்று. எவரும் எதற்காகவும் காத்து நிற்காதபடி வேலையை வகுத்ததால்.

நெரிசல் மிகுந்த ஐந்தாவது அவெனியூவில் பொருட்களைக் குவித்துவைக்க இடமில்லை. பிட்ஸ்பேர்க் ஆலைகளிலிருந்து வந்த உருக்கு உத்தரங்கள் ஒவ்வொன்றிலும் அது சேரவேண்டிய இடம் இலக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. லொறியிலிருந்து இறங்கியதும் பாரந்தூக்கி அதனை உரிய மாடிக்கு ஏற்றிவிடும். செங்கற்களோ ஏறத்தாழ ஒரு கோடி. அவற்றைத் தெருவில் கொட்டித் தள்ளுவண்டியில் அள்ளிச் செல்வதே அதுவரை வழக்கம். இங்கே அவை நிலக்கீழ்த் தளத்துத் தொட்டிக்குள் சரிந்து, அங்கிருந்து சிறுவண்டிகளில் நிரம்பி மேலேறின. ஒவ்வொரு மாடியிலும் போடப்பட்டிருந்த தண்டவாளத்தில் அவ்வண்டிகள் மேசனின் கையருகே போய் நின்றன. சாப்பாட்டுக்கென எவரும் கீழே இறங்கவேண்டியதில்லை. உணவுச்சாலைகளும் மாடிகளிலேயே இருந்தன.

உத்தரங்களைப் பிணைத்தவர்கள் நால்வர் கொண்ட குழுக்கள். ஒருவர் தறையாணியை உலையில் செந்தணலாகக் காய்ச்சி இடுக்கியால் எறிவார். இரண்டாமவர் அதனைத் தகரக் குவளையில் ஏந்தித் துளையில் செருகுவார். மூன்றாமவர் ஆணியின் தலையை முண்டுகொடுத்துப் பிடிக்க, நான்காமவர் காற்றழுத்தச் சுத்தியலால் மறுமுனையை அறைந்து தட்டையாக்குவார். நால்வரில் ஒருவர் வராவிட்டால் ஏனைய மூவருக்கும் அன்று வேலையில்லை. எறிந்த ஆணி தவறினால் கீழே நிற்பவரின் உயிருக்கு ஆபத்து.

இறந்தோர் ஐவர் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு. ஒருவர் லொறியில் மோதுண்டார்; ஒருவர் மின்தூக்கிக் குழியில் வீழ்ந்தார்; ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார். இடதுசாரிச் சஞ்சிகையொன்று 42 பேர் என்று எழுதியது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெரிய கட்டடங்களைச் சுற்றி வதந்திகளும் மாடி மாடியாக எழும்புவதுண்டு!

1930 ஓகஸ்டில் ஒரே நாளில் 3,400க்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். வெளியே பெருமந்தம், வேலையற்றோர் வரிசைகள். தலத்தில் வேகமாக வேலை செய்தவர் தமது வேலையையும் வேகமாகவே முடித்துக்கொண்டிருந்தார். செப்டெம்பரில் பிரதான உருக்குச் சட்டகம் நிறைவடைய, இரும்புத் தொழிலாளர் வேறு வேலை தேட நேர்ந்தது. திறப்புநாளில் ஜனாதிபதி ஹூவர் வொஷிங்டனிலிருந்தே பொத்தானை அழுத்தி விளக்கேற்றினார். ஆனால் வாடகைக்கு வர ஆளில்லை. 'எம்ப்டி ஸ்டேட்', அதாவது வெற்றுக் கட்டடம், என நகரத்தார் கேலி செய்தனர்.

ஹைன் 1932இல் இப்படங்கள் பலவற்றை நூலாக்கினார். கம்பிவடத்தில் தொங்கும் ஓர் இளைஞனுக்குக் கிரேக்கப் புராணத்து 'இக்காரஸ்' என்று பெயரிட்டார். அவனது சொந்தப் பெயர் படத்தில் இல்லை. ஹைனும் 1940இல் வறுமையில்தான் இறந்தார்.