இரு நிலையங்களுக்கு இடையே

இராயபுரம் இரயில் நிலையத்தின் வழியாக அன்றாடம் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அதன் முகப்புத் தூண்களை நிமிர்ந்து பார்த்திருப்போம்? 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நிலையம் இது. ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, பயணிகள் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பயணம் நம் வட சென்னை மண்ணில்தான் தொடங்கிற்று. 'இராயப்பர்' என்று நம் முன்னோர் அழைத்த புனித பேதுருவின் பெயரே இவ்வூருக்கு வாய்த்தது என்பர். படகோட்டி வாழ்ந்த மக்களின் ஊரில், கோட்டைக்கும் வணிகர் குடியிருப்புக்கும் அருகே, கடலோரத்தில் எழுந்தது அந்நிலையம்.

அன்று சென்னைக்கு ஒரே வாசல்தான் இருந்தது. ஊருக்குப் போகிறவருக்கு 'எந்த நிலையம்?' என்ற கேள்வியே எழவில்லை. பின்னர் 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1907-இல் மதராஸ் இரயில்வே நிறுவனம் அதையே தன் முதன்மை முனையமாக்கிக்கொள்ள, இராயபுரத்தின் பழைய பெருமை மங்கியது. அடுத்த ஆண்டே, 1908 ஜூன் 11 அன்று, தென்னிந்திய இரயில்வே நிறுவனம் எழும்பூரில் தனக்கென ஒரு நிலையத்தைத் திறந்தது.

ஏன் இரண்டு நிலையங்கள்? இரண்டு நிறுவனங்கள் இருந்தன. இரண்டு வகை இருப்புப் பாதைகளும் இருந்தன. சென்ட்ரலிலிருந்து மேற்கும் வடக்கும் சென்றது அகலப் பாதை. எழும்பூரிலிருந்து தஞ்சையும் திருச்சியும் நோக்கிச் சென்றது மீட்டர் பாதை. ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏற இயலாது. ஆகவே வடக்கிலிருந்து வந்து தெற்கே செல்பவர், மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலில் இறங்கி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கடந்து எழும்பூரை அடைய வேண்டியிருந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று நிறுவனங்கள் இணைந்து தென்னக இரயில்வே உருவாயிற்று. உரிமையாளர் ஒருவரானார், ஆனால் பயணியின் இரண்டு கிலோமீட்டர் குறையவில்லை. பின்னாளில் மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறிய பின்னும் நிலையங்கள் தத்தம் இடத்திலேயே நின்றன.

அந்த இடைவெளியை அன்று நிரப்பியவை ஜட்கா வண்டிகளும், 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகளும், மனிதன் மனிதனை இழுத்த கைரிக்‌ஷாக்களுமே. கைரிக்‌ஷா 1973-இல் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டது. ஒரு முதியவரின் கால்வலிக்கு இன்னொரு மனிதரின் நெஞ்சுவலி விலையாக இருந்த காலம் அது. அதை ஒழித்தது நேரிய செயல். ஆனால் அம்முதியவரின் கால்வலிக்கு மாற்று என்னவென்று எவரும் உடனே கேட்கவில்லை.

1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் வந்தது. சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமே எழும்பூர். கணக்குக்கு இது எளிதுதான். எனினும் பூங்கா நிலையத்தை அடையச் சுரங்கப்பாதைப் படிகளில் இறங்கி ஏற வேண்டும். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருவோர் கடற்கரை நிலையத்திலும் வண்டி மாறலாம். அங்கும் நடைமேடை மாற வேண்டியிருந்தால் படிகள் காத்திருக்கும். இரயிலில் பயணம் செய்பவை கால்கள் அல்ல என்று எண்ணுகிறோம். உண்மையில் ஒரு பயணத்தின் மிகக் கடினமான பகுதியைக் கால்களே செய்கின்றன.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் பங்கு மக்களோடு ஒருமுறை நாமும் சென்றோம். ஒரு நிலையத்தின் மேம்பாலப் படிகளில் மூதாட்டி ஒருவர் நடுவழியில் அமர்ந்துவிட்டார். தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற அவருடைய கணவர், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மனைவியின் கையுமாக நின்றார். இளையோராகிய நாம் முன்னே ஓடி இடம் பிடித்துவிட்டிருந்தோம். பிடித்த இடத்தில் அமர வேண்டியவர்களோ படியில் இருந்தார்கள். அக்காட்சி இன்றும் நம்மை உறுத்துகிறது.

காலம் சில மாற்றங்களைத் தந்திருக்கிறது. 2018 மே 25 முதல் சென்ட்ரலும் எழும்பூரும் மெட்ரோ இரயிலால் நிலத்தடியில் இணைந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று அடுத்த நிலையம். 2019 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையையும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகரையும் எட்டியது. மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் அங்கே உண்டு. தண்டையார்ப்பேட்டை முதியவர் ஒருவர் இன்று படி ஏறாமலேயே எழும்பூர் மெட்ரோ நிலையம் வரை செல்லலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இடைவெளி இவ்வாறு பெரிதும் சுருங்கியது நன்றிக்குரியது.

ஆயினும் விம்கோ நகருக்கு வடக்கே கத்திவாக்கத்திலும் எண்ணூரிலும் வாழ்வோருக்கு மெட்ரோ வாசல் இல்லை. முதியோருக்கான இரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அனைவருக்கும் எட்டும் கட்டடங்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. சட்டம் தாளிலிருந்து இறங்கிச் சாய்தளமாக மாறும் நாளே அதற்கு நிறைவு.

இராயபுரத்தின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான்: நிலையங்களைக் கட்டியவர்கள் தண்டவாளங்களையும் சரக்கையும் அளந்தார்கள், அவற்றுக்கிடையே நடப்பவரின் மூச்சை அளக்கவில்லை. அதை அளக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டுமன்று. அடுத்த திருப்பயணத்திற்குப் புறப்படும்போது நம் பங்கு இளையோர் முதலில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியது சன்னலோர இருக்கையையன்று. பின்னே வரும் பெரியவர் ஒருவரின் கையை.