சிலாங்கூர் கொடி யாருடையது?

திங்கட்கிழமை சபைகூடலில் தேசியக் கொடிக்குப் பக்கத்தில் நமது மாநிலக் கொடியும் ஏறுகிறது. சிவப்பும் மஞ்சளும் நான்கு கட்டங்கள். மேல்மூலைச் சிவப்பில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். தமிழர் கண்ணுக்கு அது மஞ்சள், குங்குமமாகத் தெரிந்தால் தவறில்லை. ஆனால் மாநிலம் தரும் விளக்கம் வேறு: மஞ்சள் சதை, சிவப்பு குருதி, இரண்டும் சேர்ந்தால்தான் உடலுக்கு உயிர். பிறையும் நட்சத்திரமும் இஸ்லாத்தைக் குறிக்கும். இந்த வடிவம் 1965இல் வந்தது. மாநிலச் சின்னத்தின் அடியில், "இறைவனால் காக்கப்படுவது" எனும் பொருளுடைய மலாய்ச் சொற்கள் ஜாவி எழுத்தில் உள்ளன.

நிறங்களோ அதற்கு முன்பே இருந்தவை. 1895 ஒப்பந்தப்படி பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் இணைந்தன. அந்தக் கூட்டமைப்பின் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டைகள். நடுவே பாயும் புலி. அதில் சிவப்பும் மஞ்சளும் சிலாங்கூருக்கு உரியவை. உலு லங்காட் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர், படிக்கத் தெரியாவிட்டாலும், அந்தப் புலிக்கொடியின் ஆட்சியில்தான் வாழ்ந்தார்கள். ஆகவே "நமக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. தலைநகரை விட்டுக்கொடுத்தபோது சுல்தான் சலாஹூடின் கண்கலங்கினார் என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் வீடு மாறவில்லை, மாநிலம் மாறியது! 2001இல் புத்ராஜெயாவும் பிரிந்தது. செமினியும் கிள்ளானும் சிலாங்கூரிலேயே நின்றன. பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில், அந்த எல்லையில் எழுந்த பெரிய வளைவுதான் கோத்தா டாருல் எஹ்சான்.