தாடை மூட்டுத் தசைகளும் பிணைநார்களும்: அறியப்பட்ட வரலாறு

கொட்டாவி விடும்போது சிலருக்குக் கீழ்த்தாடை இடம் விலகி, திறந்த வாயை மூட முடியாமல் போய்விடும். இதைக் கையால் சரிசெய்யும் முறை மிகப் பழமையானது. அம்முறை ஏன் பலிக்கிறது என்பதை விளக்கும் உடற்கூற்றியல் மிகப் பிந்தியே வந்தது.

எட்வின் சிமித் என்ற அமெரிக்கர் 1862இல் எகிப்தின் லக்சர் நகரில் ஒரு பாப்பிரசுச் சுருளை வாங்கினார். ஏறத்தாழ கி.மு. 1600இல் எழுதப்பட்ட அச்சுருளில் காயங்கள் பற்றிய 48 குறிப்புகள் உள்ளன. 25ஆவது குறிப்பு தாடை விலகலைப் பற்றியது. கட்டைவிரல்களை வாய்க்குள் தாடையின் பின்முனைகளில் வைத்து, மற்ற விரல்களை மோவாய்க்கு அடியில் கொடுத்து, தாடையைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும் என்கிறது அது. இன்றைய மருத்துவரும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார். கிரேக்கத்தில் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலும் இத்தகைய முறையைக் கூறுகிறது. ஒரு பக்கம் மட்டும் விலகினால் மோவாய் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் அந்நூல் கண்டிருந்தது.

வாய் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் முதலில் தன் குழியிலேயே சுழலும். வாய் மேலும் அகலும்போது வெளிச் சிறகுத்தசை அதை முன்னோக்கி இழுக்க, குமிழ் குழிக்கு முன்னுள்ள எலும்பு மேட்டின் மீது சறுக்கி வரும். மேட்டைத் தாண்டிவிட்டால்தான் தொல்லை. வாயை மூடும் மெல்லுதசை, பொட்டுத்தசை, உள் சிறகுத்தசை மூன்றும் இறுகித் தாடையை மேலே இழுப்பதால், குமிழ் மேட்டுக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறது. ஆகவே முதலில் கீழே அழுத்தி, பிறகுதான் பின்னே தள்ள வேண்டும். நேராகப் பின்னே தள்ளினால் மேடு தடுக்கும்.

இந்தத் தசைகளைத் தெளிவாகக் காண மனித உடலையே அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன் பெரும்பாலும் விலங்குகளையே அறுத்தவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதினார். நாய்க்கு அது பொருந்தும். மனிதருக்கோ இரு பாதிகளும் குழந்தைப் பருவத்திலேயே ஒன்றாகிவிடுகின்றன. ஆயினும் அக்கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1543இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சான தம் நூலில் வெசாலியசு அதை மறுத்தார்.

எலும்போடு எலும்பைச் சேர்க்கும் பிணைநார்கள் அவ்வளவு கவனம் பெறவில்லை. மூட்டின் வெளிப்புறத்தில் உள்ள நார் குமிழ் பின்னே போகாமல் காக்கிறது. மற்ற இரண்டும் மூட்டுக்குச் சற்றுத் தள்ளியே உள்ளன. அவற்றுள் ஒன்று மண்டையோட்டின் அடியிலிருந்து தாடையின் உட்பக்கம் இறங்குகிறது. இது கருவில் தோன்றி மறையும் மெக்கெல் குருத்தெலும்பின் எச்சம். அக்குருத்தெலும்பின் பின்முனையே நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டை எலும்பாகவும் மாறுகிறது. இவ்விரண்டும் ஊர்வனவற்றின் தாடை மூட்டு எலும்புகளுக்கு இணையானவை என்று செருமானிய உடற்கூற்றியலாளர் ரைக்கெர்ட் 1837இல் காட்டினார். ஊர்வனவற்றில் தாடையை அசைத்த எலும்புகளைக் கொண்டுதான் நாம் கேட்கிறோம்!

இவ்வளவுக்குப் பிறகும் தசைகளின் கணக்கு முடியவில்லை. மெல்லுதசைக்கு மேலடுக்கு, ஆழடுக்கு என இரண்டே உண்டு என்றன பெரும்பாலான பாடநூல்கள். மூன்றாவது அடுக்கைக் குறிப்பிட்ட சில நூல்களும் அது எங்கே உள்ளது என்பதில் வேறுபட்டன. 2021இல், வெசாலியசின் நூல் அச்சான அதே பாசல் நகரின் ஆய்வாளர்கள் மனிதத் தலைகளை அறுத்தும் வருடிப் படங்களைக் கொண்டும் ஆராய்ந்து, மூன்றாவது ஆழ்ந்த அடுக்கு ஒன்றை விளக்கினர். அது கன்ன வளைவின் பின்பகுதியிலிருந்து தாடையின் முன்முனைப்பில் வந்து சேர்கிறது. அதன் நார்கள் செல்லும் திசையை வைத்துப் பார்த்தால், தாடையைப் பின்னோக்கி இழுத்து நிலைப்படுத்துவதே அதன் வேலை என்று அவர்கள் கருதுகின்றனர்.