நாசில் கதை

பொட்டிப்புரம் என்றதும் பலருக்கும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பக்கத்து மக்களுக்கு அன்றாடம் வேண்டியது ஜீப்! ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதைகளில் ஏறுவது டீசல் ஜீப்புகள்தான். அதன் உயிர் இன்ஜெக்டரில் இருக்கிறது. மெக்கானிக்குகள் சொல்வது 'நாசில்'.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927ல் டீசல் பம்ப் தயாரிக்கத் தொடங்கியது. அந்த அனுபவம்தான் 1954ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காருக்குக் கைகொடுத்தது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் கார் அது. ஒரு வேடிக்கை, சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சுற்றி நிற்கும்வரை பம்ப் பீச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும்!

இங்கே, பாஷ் கூட்டோடு 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ டீசல் வண்டிகளுக்கு பம்ப்பும் நாசிலும் செய்து கொடுத்தது.

புது நாசில் என்பதற்காக அப்படியே மாட்டிவிட முடியாது. முதலில் அது அந்த இன்ஜினுக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். பிறகு டெஸ்டரில் மாட்டி, லீவரைக் கையால் அமுக்க வேண்டும். குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா? புகைபோல் பிரிகிறதா? நுனியில் சொட்டுகிறதா? (குறுக்கே கையை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஜாக்கிரதை!) சொட்டினால் கரும்புகை வரும், நாளடைவில் பிஸ்டனே ஓட்டையாகலாம். நான்கு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்காவிட்டால் இன்ஜின் உதறும், இழுவை குறையும்.

300 எஸ்.எல். வைத்திருப்பவருக்கு நாசில் கெட்டால் பெரிய செலவு. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் ஜீப் இழுக்காமல் நின்றால், உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு.