மீட்புப்பணம்

மீட்புப்பணம் என்பது, பிடித்து வைக்கப்பட்டுள்ள ஒருவரை அல்லது ஒரு பொருளை விடுவிப்பதற்காகக் கேட்கப்படும் அல்லது கொடுக்கப்படும் தொகை ஆகும். பிணைத்தொகை, பணயத்தொகை ஆகிய சொற்களும் இப்பொருளில் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் கப்பம் என்பது பெருவழக்கு.

சொல் வழக்கு

அடகு வைத்த நகையைப் பணம் செலுத்தித் திரும்பப் பெறுவதையும் மீட்டல் என்றே கூறுவர். தமிழ் விவிலியத்தில் 'மீட்கும்பொருள்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. பணயம் என்பது சூதில் வைக்கப்படும் பொருள். பணயக்கைதி என்ற சொல் இதிலிருந்து வந்தது. பிணை என்பது நீதிமன்றத்தில் அளிக்கப்படும் உறுதியையும் குறிப்பதால், பிணைத்தொகை என்று எழுதும்போது பொருள் மயக்கம் நேரலாம். அவ்வகையில் மீட்புப்பணம் என்பதே தெளிவானது.

சேலம் நிலப்பரப்பும் 1792 உடன்படிக்கையும்

மூன்றாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. இதன்படி திப்பு சுல்தான் தமது ஆட்சிப்பரப்பில் பாதியை இழந்தார். பாராமகால், சேலம், திண்டுக்கல் ஆகியவை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தன. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல் அப்போது சேலம் பகுதியைச் சேர்ந்திருந்தது. நிலத்துடன் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்கப்பட்டது. இதற்குப் பிணையாகத் திப்புவின் மைந்தர்களான அப்துல் காலிக், முயிசுதீன் இருவரும் 1792 பெப்ரவரி 26 அன்று கார்ன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டனர். சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள், தொகை செலுத்தப்பட்டபின் 1794இல் திருப்பி அனுப்பப்பட்டனர்.

கண்டிப்பாகப் பார்த்தால் இத்தொகை போர் இழப்பீடே. சிறுவர்களுக்கென விலை எதுவும் குறிக்கப்படவில்லை. ஆயினும் பணம் வந்தால்தான் பிள்ளைகள் திரும்புவர் என்ற நிலையில், தந்தைக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது. புதிய நிலப்பரப்பை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். தாமசு மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார்.

பிற்காலம்

மீட்புக்கான விலை எப்போதும் பணமாக இருப்பதில்லை. 2000 சூலை 30 அன்று ஈரோடு மாவட்டம் தாளவாடி அருகே காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், காவிரி நீர், சிறையிலிருந்தோர் விடுதலை முதலான கோரிக்கைகளை முன்வைத்தார். 108 நாட்களுக்குப் பின் நவம்பரில் ராஜ்குமார் விடுவிக்கப்பட்டார்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 364ஏ பிரிவு, மீட்புப்பணத்துக்காக ஆட்கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க வகைசெய்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2) பிரிவு அதன் இடத்தில் உள்ளது.

கணினிக் கோப்புகளை மறையாக்கம் செய்து, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரல்களும் உள்ளன. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கு பிடித்து வைக்கப்படுவது ஆள் அன்று, தரவு.