செய்மதி வாங்கியின் விழிப்பும் துயிலும்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என அடுத்தடுத்து அமைந்த முஸ்லிம் ஊர்களில் கடற்றொழில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்று வந்துள்ளது. வானத்து வெள்ளிகளும், காற்றின் திசையும், கரையில் தெரியும் பள்ளிவாசல் மினாராக்களுமே முன்னோர்க்கு வழிகாட்டின. 1999 ஆம் ஆண்டில் ஒலுவிலில் வெளிச்சவீடு எழுந்தது. எனினும், ஆழ்கடலில் அதன் ஒளியும் கண்ணுக்கு எட்டாது. அங்கு இன்று துணைநிற்பது, ஜீ.பி.எஸ். என வழங்கும் செய்மதி வாங்கியாகும்.

இதன் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் செய்மதிகளின் வரலாற்றையே கூறுவர். ஐக்கிய அமெரிக்கா இத்திட்டத்தின் முதற் செய்மதியை 1978 இல் ஏவியது. 1995 இல் திட்டம் முழுமையுற்றது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. ஆயின், சிறு படகுக்கு இக்கருவியை உரியதாக்கியது பிறிதொரு முன்னேற்றமாகும். 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் வாங்கி ஏறத்தாழ 25 கிலோகிராம் நிறையுடையது. 1989 இல் வெளிவந்த மகெலன் வாங்கி கையில் அடங்கிற்றாயினும், சில மணி நேரமே இயங்கிற்று. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை ஓயாது கேட்டுக்கொண்டிருப்பதற்கு வலு வேண்டும் என்பதே காரணம்.

இதற்குக் கண்ட தீர்வு, வாங்கியைத் துயிலப் பழக்குதலாகும். முழு இயக்க நிலையில் அது செய்மதிகளை இடைவிடாது பின்தொடரும். இடைவிட்டு இயங்கும் நிலையில் குறித்த நேரத்துக்கொரு முறை விழித்து, இடத்தைக் கணித்து, மீண்டும் துயிலும். ஆழ்துயில் நிலையில் மணிக்கூடும் சிறு நினைவகமுமே விழித்திருக்கும்; அப்போது செலவாகும் மின்னோட்டம் மிக அற்பமானது.

துயிலின் பயன் அந்நினைவிலேயே தங்கியுள்ளது. செய்மதி ஒவ்வொன்றும் தனது பாதை விவரத்தை 30 செக்கனுக்கு ஒரு முறை ஒலிபரப்புகின்றது. அவ்விவரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லுபடியாகும். அதற்குள் விழிக்கும் வாங்கி ஓரிரு செக்கன்களில் இடத்தைக் கூறவல்லது. பிந்தி விழிப்பின் புதிய விவரத்துக்காக அரை நிமிடமளவு காத்திருத்தல் வேண்டும். நினைவு முற்றாக அழிந்துவிடின் செய்மதிகளைத் தேடுவதிலிருந்தே தொடங்க நேரும். காத்திருப்பு மேலும் நீளும்.

மாலையில் கடலேகி விடியலில் மீளும் படகோட்டிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் பாயும் நீரோட்டம், வலை விரித்துக் காத்திருக்கும் படகை அவர் அறியாமலே இழுத்துச் செல்லவல்லது. துயிலும் வாங்கி அந்த நகர்வைக் காணாது. ஓயாது விழித்திருக்கும் வாங்கியோ, கரை திரும்பும் வேளைக்கு முன்னரே மின்கலத்தைத் தீர்த்துவிடக்கூடும். ஆகவே, வலுவை மிச்சப்படுத்த விரும்புவோர் மின்கலத்தைக் கழற்றிவிடாது, குறுகிய இடைவெளியில் விழிக்கும் நிலையைத் தேர்வதே தக்கது.

மின்கலம் முற்றாகத் தீர்ந்த இரவில் எந்நிலையும் உதவாது. அப்போது கைகொடுப்பது முன்னோர் கண்ட வெள்ளிகளே. கருவியைக் கற்கும் இளந்தலைமுறை வானத்தையும் கற்றிருத்தல் வேண்டும்.